பைக் டாங்க்: பழசை வெட்டலாமா, புதுசா அடிக்கலாமா?

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இருந்துகொண்டு பழைய கார்புரேட்டர் பைக் ஒன்றுக்குப் புது உருவம் கொடுக்க நினைப்பவர், கம்பெனியில் வந்த பழைய இரும்பு டாங்க் ஒன்றைத் தேடிப்பிடித்து வெட்டித் திருத்துவதே நல்லது. அலுமினியத்தில் புதிதாக அடித்தால் அழகுதான், ஆனால் அதற்குக் கை தேர்ந்த ஆள் வேண்டும். படத்தைப் பார்த்து வரவழைக்கும் ரெடிமேட் டாங்க் வாங்கும்போது மலிவு, மாட்டும்போது செலவு. ஃபைபர்கிளாஸ் பற்றிப் பேசவே வேண்டாம் என்பேன். ஆனாலும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், கீழே பேசுவோம்.

இரும்பா அலுமினியமா என்ற சண்டை எப்போதும் எடையில்தான் ஆரம்பிக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டு பதிமூன்று லிட்டர் டாங்க் ஒன்றுக்கு ஏறத்தாழ அரை சதுர மீட்டர் தகடு போகும். 1.2 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் அது 4.7 கிலோ. அலுமினியத்தில் அவ்வளவு மெல்லிசாக அடிக்கக் கூடாது, 2 மில்லிமீட்டராவது வேண்டும், அது 2.7 கிலோ. மிச்சப்படுவது 2 கிலோ, அதாவது மூன்று லிட்டருக்கும் குறைவான பெட்ரோலின் எடை. பந்தயம் ஓட்டுகிறவருக்கு அது பெரிய விஷயம். ஞாயிற்றுக்கிழமை போத்தாஸ் ஹில் வரை போய் டீ குடித்துவிட்டு வருகிறவருக்கு, பங்க்கில் கொஞ்சம் குறைத்துப் போட்டாலே அந்த லாபம் கிடைத்துவிடும்.

எடையை விட்டால் அடுத்த கேள்வி, நாளைக்குக் கசிந்தால் யார் அடைப்பது என்பது. என்னைப் பொறுத்தவரை தீர்ப்பே இதில்தான் இருக்கிறது. டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பேனல் பீட்டர் கடைகளுக்கு, அதாவது வண்டித் தகட்டைத் தட்டித் திருத்தும் கடைகளுக்கு, பஞ்சமில்லை. கேஸ் வெல்டிங்கோ மிக் (MIG) வெல்டிங்கோ வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் இரும்பு டாங்கில் ஒரு ஓட்டையை அடைத்துத் தருவார். அலுமினியத்துக்கு ஏசி மின்சாரத்தில் ஓடும் டிக் (TIG) வெல்டிங் மெஷின் வேண்டும். உலோகம் 660 டிகிரியில் உருகிவிடும். அதன்மேல் படிந்திருக்கும் ஆக்சைடு படலமோ 2,000 டிகிரி தாண்டினாலும் உருகாது. அந்தப் படலத்தை உடைக்கத்தான் ஏசி. போதாக்குறைக்கு இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்கை கொடுக்காது. பளபளவென்று இருக்கும், அடுத்த நொடி பொத்தென்று விழுந்து ஓட்டையாகிவிடும்.

அலுமினியத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அதிர்வைத் தாங்கிக்கொண்டே இருக்கும், ஒருநாள் விரிசல் விட்டுவிடும். இரும்புக்கு இவ்வளவு அழுத்தம் வரை எத்தனை முறை ஆடினாலும் கவலையில்லை என்று ஒரு எல்லை இருக்கிறது. அலுமினியத்துக்கு அப்படி ஒன்று இல்லை. அதனால் போல்ட்டை நேராக ஃப்ரேமில் இறுக்காமல், முன்னாலும் பின்னாலும் ரப்பர் வைத்து மிதக்க விட வேண்டும். ஒற்றை சிலிண்டர் வண்டி என்றால் இதில் சமரசமே கிடையாது. யமஹா எக்ஸ்டி500 பெரிய ஒற்றை சிலிண்டர் வண்டி, கம்பெனியே அலுமினிய டாங்க் போட்டுத்தான் விற்றது என்று யாராவது வாதத்துக்கு வருவார்கள். உண்மைதான். ஆனால் அதன் தாங்கிகளை வடிவமைத்தவர்கள் பொறியாளர்கள். நமக்கு வெல்டர் கணித்துப் பற்றவைத்த பட்டைதான்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பதும் பாதிதான் சரி. செந்துரு வராது. ஆனால் கடற்கரைக் காற்றில், இரும்பு போல்ட் தொடும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்து உலோகத்தை அரிக்கும். துருப்பிடிக்காத எஃகு போல்ட் போட்டாலும் தப்பமுடியாது. இடையில் நைலான் வாஷர் வைக்க வேண்டும். அடியில் தேங்கும் தண்ணீரில் உப்பு இருந்தால் உள்ளேயிருந்தே குழி விழும்.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். பழைய டாங்கில் மிகக் கஷ்டமான வேலைகள் ஏற்கெனவே முடிந்திருக்கின்றன. மூடியின் வாய், பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பைத் திருகும் மரை, ஃப்ரேமின் முதுகுக்குழாய் போக அடியில் இருக்கும் டனல், இவை மூன்றையும் புதிதாகச் செய்வதில்தான் வேலையின் பாதி நேரம் போகும். மேல்தோற்றத்தை மட்டும் மாற்றுவது அதைவிட எளிது. நடுவில் நீளவாக்கில் ஒரு பட்டையை வெட்டி எடுத்து, இரண்டு பாதியையும் சேர்த்தால் ஒல்லியாகும். பக்கவாட்டில் வெட்டி, உட்குழிந்த தகடு வைத்தால் முட்டி பதியும் குழி கிடைக்கும். சிலர் வெட்டாமல் வெளியிலிருந்து அடித்தே குழியாக்கப் பார்க்கிறார்கள். அப்போது தகடு நீண்டு, எண்ணெய் டின் மாதிரி அமுக்கினால் உள்ளே, விட்டால் வெளியே என்று டப் டப்பென்று அடிக்க ஆரம்பிக்கும். அதை மறைக்கப் புட்டி பூசினால் ஆறு மாதத்தில் வெடித்து உதிரும்.

இந்த வழியில் ஒரே ஒரு பெரிய ஆபத்து, ஆனால் உயிர் போகிற ஆபத்து. பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 சதவீதம் இருந்தாலே தீப்பிடிக்கும். 15 லிட்டர் டாங்கில் அந்த அளவு ஆவி சேர ஏறத்தாழ ஒரு மில்லி பெட்ரோல் போதும். பல வருடம் காலியாகக் கிடந்தது, ஒன்றும் ஆகாது என்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். சாட்ஸ்வர்த்தில் நான் போகும் பேனல் பீட்டர் மாமா சொல்வார்: “வாசனை போயிடுச்சுன்னா ஆவி போயிடுச்சுன்னு நெனைக்காத தம்பி, மடிப்புக்குள்ள உக்காந்திருக்கும்.” அவர் சோப்புத்தூள் கரைத்த சுடுதண்ணீரில் டாங்கைத் திரும்பத் திரும்பக் குலுக்கி ஊற்றுவார். கிரைண்டரைக் கிட்டே கொண்டுவரமாட்டார். கழுத்து வரை தண்ணீர் நிரப்பி முதல் துளையைப் போடுவார், தண்ணீரை வடித்துவிட்டு மூடி வாய் வழியாக, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றும் ஆர்கான் வாயுக் குழாயைச் செருகுவார், அப்புறம்தான் அந்தத் துளையிலிருந்து தகரக் கத்தரியால் வெட்ட ஆரம்பிப்பார். வெல்டிங் முடியும் வரை ஆர்கான் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த வேலையை வீட்டு கராஜில் தனியாகச் செய்து பழக வேண்டாம்.

முடிந்ததும் சோதனை. வாய்களை அடைத்து, சைக்கிள் பம்பால் 2 அல்லது 3 பிஎஸ்ஐ காற்று மட்டும். அதற்குமேல் ஏற்றினால் நாம் அடித்துக் கொண்டுவந்த உருவமே உப்பிவிடும். ஒட்டு நெடுகிலும் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவி, அவசரப்படாமல் பார்க்க வேண்டும். பெரிய ஓட்டை உடனே குமிழ் விடும். ஊசிமுனை ஓட்டை அப்படியில்லை. முதலில் ஒன்றும் தெரியாது, கொஞ்ச நேரம் கழித்து வெள்ளை நுரை பொட்டு மாதிரி மெல்ல ஊறி வரும். பெயின்ட்டைக் கொப்பளிக்க வைப்பது அந்தப் பொட்டுதான்.

டாங்கின் உட்சுவரில் படிய ஊற்றும் லைனர் பூச்சு பற்றி ஒரு வார்த்தை. துருவை முழுக்க எடுத்து, முழுக்க உலர்த்தி ஊற்றினால் நல்ல காப்பு. டர்பனின் ஈரக்காற்றில் அந்த உலர்த்தல்தான் நடப்பதில்லை. ஈரத்தின்மேல் ஊற்றிய லைனர் பிற்பாடு உரிந்து வந்து டேப்பின் சல்லடையை அடைக்கும். கசிவை மறைக்க லைனர் ஊற்றித் தருகிறேன் என்பவர் வெல்டிங் தெரியாதவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரும்பிலேயே புதிதாக அடிப்பதும் ஒரு வழி. அளவெடுத்துக் கார்ட்போர்டில் வெட்டிப் பார்த்து, மணல் மூட்டையின்மேல் கொட்டாப்புளியால் குழித்து, உருளையில் விட்டுச் சமமாக்கும் வேலை. கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. கூலி கொடுத்துச் செய்தால் மணிக்கணக்கில் காசு போகும். முதுகுக்குழாய் விசித்திரமாக வளைந்து, எந்தப் பழைய டாங்கும் உட்காராது என்ற நிலை வந்தால் மட்டும் இதற்குப் போங்கள்.

ரெடிமேட் டாங்க் வாங்குகிறவர்கள் மேல்பக்கத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். வாங்க வேண்டியது அடிப்பக்கத்தைப் பார்த்து. டனலின் அகலம், ஆழம், இக்னிஷன் காயிலும் ஒயரும் அதற்குள் அடங்குமா, டேப் எஞ்சினின் தலையில் இடிக்குமா, இவைதான் கேள்விகள். டேப்பின் மரையே ஒத்துப்போகாது. ஹார்லி வகை டாங்குகளில் பழையதில் ஒரு அளவு, பின்னால் வந்ததில் 22 மில்லிமீட்டர். எல்லாரும் ஆசைப்படும், ஹார்லி ஸ்போர்ட்ஸ்டரின் சின்ன பீனட் டாங்க் சுமார் 8 லிட்டர்தான் கொள்ளும். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய்த் திரும்பியதும் பங்க்கைத் தேட வேண்டும்.

ஃபைபர்கிளாஸ். நார்ட்டன் கமாண்டோ ஃபாஸ்ட்பேக் என்ற பழைய பிரிட்டிஷ் பைக்கிலேயே அது இருந்தது, பார்க்க அழகு. விழுந்தால் விரிசல் விட்டு எஞ்சின்மேல் பெட்ரோலைக் கொட்டும். சாதாரண பாலியெஸ்டர் பிசினை எத்தனால் இளக்கிவிடும். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இந்தியாவில் இருப்பவர்கள் கிட்டேயே போக வேண்டாம். பிளாஸ்டிக்கும் தப்பவில்லை, டுகாட்டியின் நைலான் டாங்குகள் எத்தனாலில் உப்பி அமெரிக்காவில் வழக்கு வரை போனது.

எந்த டாங்காக இருந்தாலும் மூடியில் காற்றுத்துளை இருக்க வேண்டும். நம் நாட்டில் இது வெறும் சம்பிரதாயம் இல்லை. டர்பன் கடல்மட்டத்தில், ஜொகானஸ்பர்க் 1,700 மீட்டர் உயரத்தில். துளை அடைபட்ட மூடியோடு மேலே போனால் உள்ளழுத்தம் பெட்ரோலைக் கார்புரேட்டருக்குள் தள்ளும். வேன் ரீனன் கணவாய் வழியாக இறங்கி வரும்போது நேர்மாறு: உள்ளே வெற்றிடம், பெட்ரோல் வராது, மெல்லிய தகட்டில் அடித்த டாங்க் உள்ளிழுத்துக்கொள்ளவும் செய்யும்.

வண்டி ரோட்டில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் ரோட்வொர்த்தி சோதனையில் கசிவும் மூடியும் கண்ணில் படாமல் போகாது. இன்சூரன்ஸ்காரரிடம் மாற்றத்தை எழுத்தில் சொல்லிவிடுங்கள், விபத்துக்குப் பிறகு அவர்களாகக் கண்டுபிடிக்க வேண்டாம்.

மேலே சொன்னதெல்லாம் கார்புரேட்டர் வண்டிக்கு. இன்ஜெக்ஷன் வண்டியில் பம்ப் டாங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதைப் பிடிக்கும் வளையத் தட்டு அடியில் துல்லியமாக, தட்டையாக இருக்க வேண்டும். வெல்டிங் சூட்டில் அது கொஞ்சம் நெளிந்தாலும் சீல் உட்காராது. அதனால் ராயல் என்ஃபீல்டு 650 போன்ற வண்டி வைத்திருப்பவர்கள் அடித்தட்டைத் தொடாமல் மேல்தோலை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத கடையில் டாங்கை இறக்காதீர்கள்.