பறவை எண்ணிப் பழக: புள்ளிக் கணக்கெடுப்பா, கோட்டு நடையா?

புள்ளிக் கணக்கெடுப்பு என்பது ஓரிடத்தில் நின்று சுற்றிலும் உள்ள பறவைகளை எண்ணுவது; கோட்டு நடை என்பது நேர்கோட்டில் நடந்தபடி இருபுறமும் எண்ணுவது. புதிதாகப் பழகுபவர் புள்ளிக் கணக்கெடுப்பில் தொடங்குவதே நல்லது. நின்ற இடத்தில் நிற்பதால் காலடியைப் பார்க்க வேண்டியதில்லை, காது முழுக்கக் குரல்களுக்கே. போய்ச் சேர்ந்ததும் 2 நிமிடம் அமைதி, பிறகு 10 நிமிடம் பதிவு. புள்ளிகளுக்கு இடையே 200 மீட்டராவது விடாவிட்டால் ஒரே பறவையை இரண்டு முறை எழுதிவிடுவோம்.

ஆனால் தூரத்தைத் தப்பாகக் கணித்தால் இந்த முறையில் அடி பலம். நம்மைச் சுற்றி எண்ணும் வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், ஆரத்தை 10% கூட்டி மதிப்பிட்டால் பரப்பு 21% கூடிவிடும். கோட்டு நடையில் அதே பிழை பரப்பை 10% மட்டுமே கூட்டும்.

திறந்தவெளிக்கும், பறவைகள் அரிதான இடத்துக்கும் கோட்டு நடையே மேல். மெதுவாக நடந்து, பறவை தென்பட்டதும் நின்று, தூரத்தையும் திசைகாட்டியில் கோணத்தையும் குறிக்க வேண்டும். தூரம் 40 மீட்டர், கோட்டிலிருந்து கோணம் 30 பாகை என்றால் நடைக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் செங்குத்துத் தூரம் 20 மீட்டர் (40 × சைன் 30). பலரும் தவறுவது இங்கேதான்: பறவை பறந்துபோய் உட்கார்ந்த கிளையை அளக்கிறார்கள். அளக்க வேண்டியது முதலில் கண்ட இடத்தை.

10, 50, 100 என்று தூரத்தை முழு எண்ணாக்கி எழுதும் பழக்கம் இரண்டு முறைகளையுமே கெடுக்கும். லேசர் தூரமானி கையில் இருந்தால், முதலில் கண்ணால் கணித்துவிட்டு, அதன்பின் அளந்து சரிபாருங்கள்.