டிஜேஐ நியோ ரிவியூ: வன்னியிலை ட்ரோன் பழக இது காணும்

முதலே முடிவைச் சொல்லிப்போடுறன், வாசிக்கப் பஞ்சிப்படுற ஆக்கள் இதோடை போகலாம். ட்ரோன் ஆசை வந்து எங்கை தொடங்கிறது எண்டு தெரியாம நிக்கிற ஆளுக்கு டிஜேஐ கம்பனியின்ர இந்தச் சின்ன ட்ரோன் நியோ காணும். கலியாண வீடு, சாமத்திய வீடு எடுத்து உழைக்கப்போறன் எண்டு நினைக்கிற ஆள் இதை வாங்காதேங்கோ, அது வேற சாமான், வேற பேமிட்.

நான் கிளிநொச்சிப் பக்கம். நியோவை எடுத்ததுக்கு முதல் காரணம் கமரா இல்லை, நிறை. 135 கிராம்தான். யூடியூப்பிலை பாத்தா எல்லாரும் அதே கம்பனியின்ர 249 கிராம் மினி ட்ரோனை வாங்குங்கோ, 250க்குக் கீழை எண்டா பதிவு கிதிவு ஒண்டும் வேண்டாம் எண்டு அடிச்சுச் சொல்லுவினம். அது அமெரிக்காவிலை பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுற ஆக்களுக்குச் சரி. எங்கட இலங்கையிலை கோடு கிடக்கிறது 200 கிராமிலை. சிவில் விமான சேவைகள் அதிகாரசபை ட்ரோனை நிறையை வைச்சு நாலாப் பிரிச்சிருக்கு, 25 கிலோவுக்கு மேலை ஒண்டு, ஒரு கிலோவிலை இருந்து 25 மட்டும் ஒண்டு, 200 கிராமிலை இருந்து ஒரு கிலோ மட்டும் ஒண்டு, 200க்குக் கீழை கடைசி ஒண்டு. அப்ப 249 கிராம் மினி நேரா மூண்டாவதுக்குள்ளை போய் விழுது, பதியத்தான் வேணும். இதை உங்களுக்கு விக்கிற கடைக்காரர் சொல்லமாட்டார், அவருக்கே தெரியுமோ தெரியாது.

நியோ கடைசிப் பிரிவு, பதிவு அலைச்சல் இல்லை. அதுக்காக கண்டபடி பறக்கவிடலாம் எண்டு இல்லை. கண்ணுக்குத் தெரியிற தூரத்துக்குள்ளை, பகல் வெளிச்சத்திலை, சனத்தின்ர தலைக்கு மேலாலை போகாம, விமான ஓடுபாதையளுக்கும் ஆமிக் காம்புகளுக்கும் கிட்டப் போகாம எண்டுறது 135 கிராமுக்கும் ஒண்டுதான். எங்கட பக்கம் இதிலை கனக்க யோசிக்க வேணும், என்னெண்டா வவுனியாவிலை விமானப்படை ஓடுபாதை, இரணைமடுவிலை ஒண்டு, அதைவிட றோட்டாலை போகேக்கை தெரியாத காம்புகள் எத்தினையோ காட்டுக்கு அங்காலை கிடக்கு. குளத்துக் கட்டிலை நிண்டு வடிவா இருக்கு எண்டு மேலை விட்டிட்டு, கமராவிலை பாத்தாத்தான் தெரியும் முள்ளுக்கம்பி வேலி. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு நாடு முழுக்க ட்ரோனுக்குத் தடை போட்டதும் ஞாபகம் இருக்குமே, பாதுகாப்பு விசயம் எண்டா ஒரே நாளிலை எல்லாம் மாறும், அதாலை பறக்கவிட முதல் அதிகாரசபையின்ர இணையத்தளத்தை ஒருக்காப் பாருங்கோ, ஊர்ப் பெடியள் சொல்லுறதை வைச்சு வெளிக்கிடாதேங்கோ.

இன்னொண்டு, இது எங்கட ஆக்களுக்குத்தான் கூட நடக்கிறது. கனடா மாமா வரேக்கை சூட்கேசுக்குள்ளை வைச்சுக் கொண்டருவார் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறது. ட்ரோன் நாட்டுக்குள்ளை கொண்டுவாறதெண்டா பாதுகாப்பு அமைச்சின்ர அனுமதி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின்ர அனுமதி எண்டு கடதாசி இருக்கு, இல்லாம வந்தா கட்டுநாயக்காவிலை கஸ்டம்ஸ் பிடிச்சு வைக்கும், மாமா லீவு முடிஞ்சு திரும்பிப் போற மட்டும் அது அங்கைதான். பற்றரியைப் பெரிய பெட்டிக்குள்ளை போடவும் ஏலாது, கைப்பையிலைதான் கொண்டுவர வேணும். அதைவிட இஞ்சை கடையிலை வாங்கிறது சுகம், ஆனா பில் எழுதி சீரியல் நம்பரும் போட்டுத் தரச்சொல்லுங்கோ. ஒரு கடையிலை கேக்க "உதெல்லாம் ஏன் தம்பி, சாமான் ஒறிஜினல்" எண்டார், நான் ஒறிஜினலோ எண்டு கேக்கேல்லை, எந்த வழியாலை வந்தது எண்டுதான் கேட்டனான். மறுமொழி வரேல்லை, நானும் வந்திட்டன். வெளியிலை 199 டொலருக்கு வந்த சாமான் இஞ்சை நல்லாக் கூட விலை, அதைக் குடுத்து கடதாசி இல்லாத ஒண்டை வாங்கினா பிறகு பொலிஸ் மறிக்கேக்கை என்னத்தைக் காட்டிறது?

சரி, சாமான் எப்பிடி. பெட்டியை உடைச்ச உடனை பறக்காது, முதல்தரம் இன்ரநெற்றோடை அக்டிவேற் பண்ண வேணும். ஐபோன் எண்டா பிரச்சினை இல்லை, அன்ட்ரொயிட் எண்டா ட்ரோனுக்கான டிஜேஐ ஃப்ளை எண்ட அப் பிளேஸ்ரோரிலை இல்லை, கம்பனி இணையத்தளத்திலை இருந்துதான் இறக்க வேணும், தேடிப்பாத்து வாற வேற பேர் அப் ஒண்டையும் போடாதேங்கோ. இதெல்லாம் வீட்டிலை செய்துபோட்டு வெளிக்கிடுங்கோ, இல்லாட்டி முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கம் போய் நிண்டு சிக்னல் தேடி மரத்திலை ஏறவேண்டி வரும்.

பறக்கவிடுறது எண்டா, உள்ளங்கையை மட்டமா நீட்டி அதிலை வைச்சு மேலை இருக்கிற பட்டனால மோட் தெரிவுசெய்து அமத்திப் பிடிக்க, பீப் பீப் எண்டு எண்ணிப்போட்டு காத்தாடி சுத்தத் தொடங்கும், கைக்குக் குளிர் காத்து அடிக்கும், பிறகு பாரம் இல்லாமப் போகும், பாத்தா முகத்துக்கு நேரை நிக்குது. இறக்கிறதும் அப்பிடித்தான், கீழை கையைக் காட்டினா வந்து குந்தும். றிமோட்டும் இல்லை போனும் இல்லை. சுத்திவர முழுக் காவல் கூடு இருக்கு, விரல் போகாது, அதாலைதான் அக்காவின்ர மூத்தவன்ர கையிலை குடுக்கத் துணிஞ்சனான். அவன் சைக்கிள் ஓட பின்னாலை கலைச்சுக்கொண்டு போய்ப் படமெடுக்குது, ஆளை விடாது.

ஆனா முன்னுக்கும் பக்கத்துக்கும் என்ன நிக்குது எண்டு அதுக்குத் தெரியாது. தடை பாக்கிற சென்சர் இல்லை. பனை, தென்னை, கறண்ட் வயர், உடுப்புக் காயப்போட்ட கயிறு எல்லாம் நீங்கள்தான் பாக்க வேணும். பழகிறதுக்கு அறுவடை முடிஞ்ச வயல் மாதிரி இடம் கிடைக்காது, வன்னியிலை அதுக்குக் குறைவும் இல்லை. குளத்துக்கு மேலை தாழ விடாதேங்கோ, கீழை பாத்துத்தான் தன்ர இடத்தைப் பிடிச்சு வைச்சிருக்குது, தண்ணி அலையைப் பாத்தாக் குழம்பும். ஒருக்காச் சார்ஜ் போட்டா கம்பனி சொல்லுறது 18 நிமிசம், காவல் கூட்டோடை 17, பற்றரி முடியுமட்டும் பறக்கவிட்டுச் சோதிச்சுப் பாக்கிற புத்தி வேண்டாம், முதலே இறக்குங்கோ. மேலதிக பற்றரி கட்டாயம்.

காத்துத்தான் இதுக்கு எதிரி. செக்கனுக்கு 8 மீற்றர் மட்டும் தாங்கும் எண்டு போட்டிருக்கு. சோளகக் காத்து தொடங்கினா வெளி வயலிலை மத்தியானம் அதைவிடக் கூட அடிக்கும், ட்ரோன் போகேக்கை கெதியாப் போகும், திரும்பி வரேக்கை அந்த இடத்திலையே நிண்டு துள்ளும். காத்து வாற பக்கமா முதல் போங்கோ, அப்ப வரேக்கை காத்தே தள்ளிக்கொண்டு வரும். விடியக்காலமை நல்லம். வெயிலும் அப்பிடித்தான், 40 பாகை மட்டுமெண்டு அளவு இருக்கு, மோட்டச்சைக்கிள் சீற்றுக்குக் கீழை பற்றரியைப் போட்டுட்டு வெயிலுக்கை நிப்பாட்டிறது மாதிரி விசர் வேலை வேற இல்லை. செம்பருந்து ஒண்டு சுத்தத் தொடங்கினா இறக்கிப்போடுங்கோ, அதோடை போட்டி வேண்டாம். சுண்டிக்குளம் 2015இலை தேசியப் பூங்காவாக்கின இடம், பறவை எடுக்கிறன் எண்டு அதுக்குள்ளை அனுமதியில்லாமப் பறக்கவிடாதேங்கோ, ஆனையைக் கண்டா அதுக்கு மேலை விட்டு மிரட்டுறதும் வேண்டாம், மிரண்ட ஆனை ஓடிப்போறது ஆரோ ஒருத்தற்ற தோட்டத்துக்குள்ளைதான்.

இனிச் சொல்லுறது வெளிநாட்டு ரிவியூ ஒண்டிலையும் வராது. விழுந்த ட்ரோனை எடுக்கப் போறது. முகமாலைப் பக்கம் இன்னமும் மிதிவெடி எடுக்கினம், மற்ற இடங்களிலும் மிதிவெடி எண்டு சிவப்பு மண்டையோட்டு எச்சரிக்கைப் பலகை (போட்) நிக்கிற பத்தையள் இருக்கு. போட் அடிச்ச இடத்துக்குக் கிட்டப் பறக்கவே வேண்டாம், தப்பித்தவறி காத்து கொண்டுபோய் அங்கை போட்டுதெண்டா அது போனதுதான். அப்பிலை கடைசியா நிண்ட இடம் மப்பிலை காட்டும், காட்டினாப்போல போகேலாது, ஒரு அடியும் வைக்காதேங்கோ. வெடி எடுக்கிற ஆக்களிட்டை அல்லது பொலிசிலை சொல்லுங்கோ, கிடைச்சாச் சரி, கிடைக்காட்டி விடுங்கோ. மருமோனுக்கு பட்டன் பழக்க முதல் இதைத்தான் பழக்கினனான். போட் இல்லாத காட்டுப் பத்தை எண்டாலும் ஊர் ஆக்களைக் கேக்காம இறங்காதேங்கோ.

சத்தம். சின்னச் சாமான் எண்டாலும் கீச்சுக் குரல், அமைதியான ஊரிலை கன தூரம் கேக்கும். பக்கத்து வீட்டு ஆச்சிக்கு முதலே போய்ச் சொல்லிப்போட்டுத்தான் விட்டனான், "விடு தம்பி, எனக்கென்ன" எண்டவ. ட்ரோன் மேலை எழும்பின உடனை ஆச்சி விளக்குமாத்தைப் போட்டுட்டு மாமரத்துக்குக் கீழை போய் நிண்டா, இறக்கி முடியுமட்டும் வெளியிலை வரேல்லை. சண்டைக் காலத்திலை வண்டு (ஆளில்லாத வேவு விமானம்) சுத்தினதைக் கண்ட ஆக்களுக்கு இந்தச் சத்தம் விளையாட்டில்லை. நான் இப்ப வீட்டுப்பக்கம் விடுறதில்லை, வயலுக்குத்தான் கொண்டுபோறன். மற்ற ஆக்களின்ர வளவுக்கு மேலாலை போறது, கிணத்தடியை எட்டிப்பாக்கிறது எல்லாம் அடி வாங்கிற வேலை, சட்டம் பிறகு. வற்றாப்பளைப் பொங்கல் மாதிரி சனம் கூடுற இடத்துக்கும் இதைக் கொண்டுபோகாதேங்கோ.

படம் பற்றி கனக்கச் சொல்ல ஒண்டும் இல்லை. 4கே, 12 மெகாபிக்சல், பகலிலை வடிவு, பின்னேரம் மங்கினா மங்கல்தான். கமராவை ஆடாமப் பிடிக்கிற கிம்பல் மேலை கீழை மட்டும்தான், அதாலை காத்துக்கு கொஞ்சம் சரியும், அப் அதைச் சரிப்படுத்தும். மெமரி கார்ட் போட ஏலாது, உள்ளை 22 ஜீபி இருக்கு, நிரம்பினா போனுக்கு மாத்தோணும். போனாலை ஓட்டினா 50 மீற்றர் அளவுதான் எட்டும், பழகிற ஆளுக்கு அதுக்கு மேலை என்னத்துக்கு, ஆறு மாசம் ஓட்டிப் பாத்துப்போட்டு றிமோட்டை வாங்கலாம். வாங்கினா ட்ரோன் தானாத் திரும்பி வாற உயரத்தைப் பனையளை விட மேலை வைச்சுக்கொள்ளுங்கோ.

இப்ப நியோ 2 வந்திட்டுது, 151 கிராம், தடை பாக்கிற சென்சரும் இருக்கு, அதுவும் எங்கட 200க்குக் கீழைதான். காசு கூட விட ஏலுமெண்டா அதைப் பாருங்கோ. பழசை ஆரும் விக்கினம் எண்டாலும் பில்லைக் கேளுங்கோ.