தள்ளுபடியில் மாண்டரின் செயலி: நான் புதுப்பிக்கவில்லை

நான் மாண்டரின் கற்கும் செயலியின் ஆண்டுச் சந்தா விலை இறங்கியிருக்கிறது. “ரெண்டு வருஷமா வச்சிருக்கீங்களே, வாங்கலாமாண்ணே?” என்று அலுவலகத்தில் ஒரு தம்பி கேட்டார். அவருக்குப் போன மாதம்தான் கல்யாணம் ஆனது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செயலி நல்ல செயலிதான். ஓர் எழுத்து மறந்துபோகும் சமயம் பார்த்து அதையே திரும்பக் கேட்கும். கோப்பிக் கடைப் பலகைகளில் கோழி, மீன், சோறு எல்லாம் இப்போது வாசிக்க வருகிறது. இதில் குறை சொன்னால் பாவம்.

எரிச்சல் எல்லாம் தொனியில்தான். மாண்டரினில் முக்கியத் தொனிகள் நான்கு. ‘நியாவ்’ என்பதைத் தாழ்த்தி மேலே எடுத்தால் பறவை. மேலிருந்து பட்டென்று இறக்கினால் சிறுநீர். ஒன்றரை வருடம் நான் இறக்கியே சொல்லிக்கொண்டிருந்தேன். செயலி ஒவ்வொரு முறையும் பச்சைக்குறி போட்டது. காசு வாங்கிக்கொண்டு செய்கிற வேலையா இது?

என் மனைவிக்குப் பறவைகள் என்றால் உயிர். செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் வரும் காலம். சனிக்கிழமையானால் சிங்கப்பூரின் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகம்தான். கடல் ஏறிச் சேற்றுத்திட்டுகள் மூழ்கும்போது பறவைகள் உள்ளே குளங்களுக்கு வந்துவிடும் என்பதால், கடல் ஏறும் நேரம் பார்த்தே கிளம்புவார். நானும் கூடப் போய் மறைவுக் குடிலில் ஒரு மூலையில் பாடம் படிப்பேன். ஒருநாள் செயலி வாய்விட்டுச் சொல்லச் சொன்னது, சொல்லிவிட்டேன். எதிரே நின்ற பவளக்காலிக் கூட்டம் மொத்தமும் எழுந்து பறந்துவிட்டது. கிராஞ்சி ரயில் நிலையம் வரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

அடுத்த வாரம் கைப்பேசியைப் பையிலேயே வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த சீன அங்கிள் மரத்தைக் காட்டி மெதுவாக, “சீ நியாவ்” என்றார். இருவாச்சி! சொல்லுக்குச் சொல் பார்த்தால் காண்டாமிருகப் பறவை. நான் திருப்பிச் சொன்னதும் தலையாட்டி மறுத்து, கையைக் காற்றில் தாழ்த்தி உயர்த்திக் காட்டினார். எனக்கு மூன்று தடவை ஆனது. என் மனைவி முதல் தடவையே சரியாகச் சொல்லிவிட்டார். கூவலை வைத்தே பறவையை அடையாளம் சொல்லும் காது அவருக்கு. தொனி அந்தக் காதில் அப்படியே போய் உட்கார்ந்துவிட்டது. அவருடைய குறிப்பேட்டில் இப்போது தமிழ்ப் பெயருக்குப் பக்கத்திலேயே சீனப் பெயரும் இருக்கிறது. தினமும் என்னைத் திருத்துவது அவர்தான்.

அப்புறம் அந்த இரவு ஒன்பதரை மணி நினைவூட்டல். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவதே அந்த நேரத்தில்தான். விட்டுவிட்டால் தொடர் நாள் கணக்கு போய்விடும் என்று மிரட்டும். 412 நாள் சேர்த்திருந்தேன். போன வாரம் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

எழுத்து படிக்க இதைவிட நல்ல செயலி நான் பார்க்கவில்லை. ஆனாலும் இந்த விலைக்கும் எனக்கு வேண்டாம் தம்பி. இந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கடல் ஏறுகிறது. உப்புக்கொத்திக்குச் சீனத்தில் என்ன பெயர் என்று அங்கிளிடம் கேட்க வேண்டும்.