வேலூர் அம்மா உணவகம்: 1 ரூபாய் இட்லி

அரசின் அம்மா உணவகம் 2013-இல் சென்னையில் முதல் கடையைத் திறந்தபோது இட்லி 1 ரூபாய். வேலூரில் இன்றும் அதே விலைதான். மதியம் சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. ஆட்டோ ஓட்டும் எனக்குச் சவாரிக்கு நடுவில் இதுதான் கதி. இட்லி சூடாக, மெத்தென்று இருக்கும். சட்னி கிடையாது, சாம்பார் மட்டும். நின்றபடிதான் சாப்பிட வேண்டும்.

போன வாரம் பக்கத்தில் ஒரு வங்காளத்துப் பெரியவர், மகளை சிஎம்சி மருத்துவமனைக்கு அழைத்து வந்தவர். பத்து ரூபாய்த் தாளை நீட்டி டோக்கன் வாங்கினார், மீதிச் சில்லறையை எண்ணிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காசு கொடுத்துச் சாப்பிடுகிற மரியாதை அது. எனக்கு அதுதான் பெரிது. ஓர் அன்னதானத்தில் என்னைப் பொட்டலத்தோடு போட்டோவுக்கு நிற்கச் சொன்னார்கள். சோறு தொண்டையில் இறங்கவே இல்லை.

தர்மத்தை நான் குறை சொல்லவில்லை. 1900-இல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சேவைதான் இன்றைய சிஎம்சி. ஆனால் அன்றாடப் பசி, யாருக்காவது மனசு வரும்வரை காத்திருக்காது. அதை அரசாங்கம்தான் பார்க்க வேண்டும். என் வரிப்பணம் இதற்குப் போகட்டும், சந்தோஷம். சமைக்கிற மகளிர் குழு அக்காக்களுக்குக் கூலியையும் கூட்டித் தரட்டும்.

பொங்கல் வேண்டுமென்றால் எட்டு மணிக்குள் போய்விடுங்கள்.