கொரோலா 110 அல்லது அக்குவா: திருமலைக் காற்றுக்கு எது தாங்கும்?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியது. வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதுக் கார் இன்னும் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டவில்லை. அதனால் திருகோணமலையில் கார் தேடும் வீடுகளில் இரண்டு பெயர்கள் அடிக்கடி அடிபடுகின்றன: தொண்ணூறுகளின் பிற்பாதியில் வந்த டொயோட்டா கொரோலா 110, ஒன்றரை இலட்சம் கிலோமீற்றர் தாண்டிய, பெற்றோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள அக்குவா ஹைபிரிட்.

பெற்றோல் செலவில் அக்குவாவை 110 நெருங்கவே முடியாது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் கொடுத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். லீற்றருக்குப் பத்து, பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடும் 110, அந்த 20 லீற்றரில் ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தூரத்திலுள்ள கொழும்பைத் தொடவே திணறும். லீற்றருக்கு இருபது ஓடும் அக்குவா கொழும்புக்குப் போய், திரும்பும் வழியில் பாதியும் வந்துவிடும். கண்டிக்கும் கொழும்புக்கும் கிளினிக் போகும் வீடுகளுக்கு இது பெரிய காசு.

ஆனால் இந்தக் கணக்கோடு முடிவெடுப்பவர்கள் நம் ஊர்க் காற்றை மறந்துவிடுகிறார்கள்.

வாடைக் காலத்தில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் முற்றத்தில் நிற்கும் கார் மீது உப்பு படிந்துகொண்டே இருக்கும். 110இன் தகரம் கால் நூற்றாண்டு கண்டது. கதவின் அடி விளிம்பிலுள்ள வடிதுளைகளை மண் அடைத்தால் மழைநீர் உள்ளே தங்கும். கறள் உள்ளிருந்து வெளியே வரும். பெயின்ற் கொப்பளிப்பது கண்ணில் படும்போது உட்பக்கம் பாதி போயிருக்கும். எஞ்சினைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. டைமிங் பெல்ற்றை இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றி, ஒயிலைத் தவறாமல் மாற்றினால் அது ஓடும். பழுதென்றால் சாதாரணக் கராஜிலேயே திருத்தலாம். அடித்தளம் ஓட்டை விழுந்தால்தான் காசு போய்க்கொண்டே இருக்கும்.

அக்குவாவுக்குத் தென்மேற்கிலிருந்து வீசும் வறண்ட கச்சான் காற்றுதான் எதிரி. அதன் 144 வோல்ற் பற்றரி பின் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. அதைக் குளிர்விக்கும் காற்றை, இருக்கை ஓரத்திலுள்ள துவாரத்தின் வழியாகக் காரின் உள்ளிருந்தே விசிறி இழுக்கிறது. தூசி அடைத்தாலோ, பிள்ளைகளின் புத்தகப்பை மறைத்தாலோ பற்றரி சூடேறும். ஏசி பழுதான அக்குவாவைக் கச்சான் வெயிலில் ஓட்டாதீர்கள். பற்றரிக்குள் இருக்கும் 20 கூறுகளில் பழுதான ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால், அதே வயதுள்ள மற்றவையும் பின்னாலேயே விழத் தொடங்கும். “பற்றரி மாற்றியது” என்று விற்பவர் சொன்னால், முழுத் தொகுதியையா, சில கூறுகளையா என்று கேட்டுப் பற்றுச்சீட்டைப் பாருங்கள்.

அக்குவாவுக்குச் சாதகமாகவும் சொல்ல வேண்டும். தனி ஸ்ராட்டர் மோட்டாரும் ஓல்ரனேற்றரும் அதில் இல்லை, பழுதாவதற்கு. பிரேக் கட்டைகளும் நெடுநாள் தாங்கும். ஆனால் வாரக்கணக்கில் ஓடாமல் நின்று சிறிய 12 வோல்ற் பற்றரி இறங்கிவிட்டால் கார் உயிர்பெறாது, தள்ளியும் பயனில்லை. கை கியர் 110ஐ இரண்டு பேர் தள்ளினால் போதும். யானை நடமாடும் ஹபரணை–கந்தளாய் வீதியில் இரவில் பிள்ளைகளோடு போகிறவருக்கு இது சின்ன வித்தியாசம் அல்ல.

தினமும் நெடுந்தூரம் வேலைக்கு ஓடுகிறவர், ஏசியும் பற்றரியும் சோதித்த அக்குவாவை எடுக்கலாம். கோயில், சந்தை, மூதூரில் உறவினர் வீடு என்று ஓடும் குடும்பத்துக்கு நான் 110ஐத்தான் சொல்வேன், அதுவும் தரை விரிப்பையும் உதிரிச் சில்லையும் தூக்கிப் பார்த்த பிறகு. கந்தளாய்ப் பக்கம், கடற்காற்றுப் படாமல் நின்ற 110 கிடைத்தால், மீற்றர் மூன்று இலட்சம் காட்டினாலும் எடுங்கள். வாங்கிய கிழமையே அடித்தளத்துக்குக் கறள் தடுப்புப் பூச்சு அடியுங்கள். வாடை முடியும்வரை வாரம் ஒருமுறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உவர்க் கிணற்று நீர் வேண்டாம்.