ஃபோர்-து-பிரான்ஸ் சந்தையில் ஆட்டுக்கறி கொலம்போ

கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான மார்த்தினிக் தீவின் தலைநகரான ஃபோர்-து-பிரான்ஸில், பெரிய சந்தையின் இரும்புக் கூரைக்குக் கீழே, மசாலாப் பொட்டலங்களும் ரம் பாட்டில்களும் விற்கும் கடைகளை ஒட்டிச் சிறு உணவகங்கள் சில உள்ளன. அவற்றில் ஒன்றில் மதிய உணவாகக் கிடைத்த ஆட்டுக்கறி கொலம்போவுக்காகவே அந்தச் சந்தைக்குப் போகலாம்.

1853இல் தொடங்கி, புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட தமிழர் வழியாக அத்தீவில் வேரூன்றிய மசாலாவின் பெயரே கொலம்போ; அதில் சமைத்த கறிக்கும் அதே பெயர். கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு, மிளகு என்று பொடியில் இருப்பவை எல்லாம் நமக்குப் பழகியவையே என்பதால், தட்டைக் கண்டதும் நம் வீட்டுக் குழம்பை எதிர்பார்த்து, காரம் போதவில்லை என்று சொல்லிவிடத் தோன்றும். அப்படி அளப்பது நியாயமன்று. தைம் என்ற மூலிகையும் வெங்காயத்தாளும் சேர்ந்து அதன் மணத்தையே வேறு திசைக்குத் திருப்பிவிட்டன. எலும்போடு வெந்த கறி முள்கரண்டி பட்டதும் கழன்று வந்தது. கூடவே வெந்த சௌசௌவும் கத்தரிக்காயும் பாதி கரைந்து சாற்றைக் கெட்டியாக்க, கடைசியில் பிழிந்த எலுமிச்சை அந்தக் கொழுப்பைச் சமன்செய்தது. காரம் விரும்புவோருக்கு நறுக்கிய மிளகாயைத் தனிக் கிண்ணத்தில் வைக்கிறார்கள். அதில் நகக்கண் அளவே ஒரு தட்டுச் சோற்றுக்குப் போதும்.

உப்பிட்ட காட் மீனை மாவில் பிசைந்து பொரிக்கும் அக்ராவில்தான் ஏமாற்றம். முன்னரே பொரித்து வைத்திருந்ததால், மொறுமொறுப்பாக இருக்க வேண்டிய மேற்புறம் எண்ணெய் கோத்துத் தளர்ந்திருந்தது.

டி-பன்ஷ் என்ற பானத்தை அங்கே கலந்து கொண்டுவருவதில்லை. ரம் பாட்டில், கரும்புப் பாகு, எலுமிச்சைத் துண்டு ஆகியவற்றை மேசையில் வைத்துவிடுகிறார்கள். அவரவர் பதத்துக்கு அவரவரே கலந்துகொள்ள வேண்டும். வெல்லப்பாகுக் கழிவிலிருந்து அன்றி, புதிதாகப் பிழிந்த கரும்புச் சாற்றையே நொதிக்கவைத்து வடிப்பதால் அந்த வெள்ளை ரம்மில் பச்சைக் கரும்பின் வாசனை துலக்கமாகத் தெரிகிறது. மார்த்தினிக் ரம்முக்கு 1996இல் பிரெஞ்சு அரசின் தோற்றப் பெயர்க் காப்பு (குறித்த இடத்தில் குறித்த முறையில் செய்ததற்கே அப்பெயர் உரியது என்னும் சட்டப் பாதுகாப்பு) கிடைத்ததற்கு இந்தச் செய்முறையே அடிப்படை. பெரும்பாலும் 50 விழுக்காடு சாராயச் செறிவு கொண்டது என்பதால், வெறும் வயிற்றில் அருந்துவது உகந்ததன்று. மது அருந்தாதவர்களுக்குப் புளிச்சாறு உண்டு. சர்க்கரையைக் குறைத்துத் தரும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.