"இடம் மாறினா அப்படித்தான் போகும்" என்று விற்றவர் சொன்னால் நம்பாதீர்கள்

நாய்க்குட்டி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வயிற்றுப்போக்கு. விற்றவரைக் கூப்பிட்டால், "இடம் மாறியிருக்கு, அப்படித்தான் போகும், இந்த மாத்திரையைக் கொடுங்க" என்கிறார். இதை நம்பி இரண்டு நாள் காத்திருந்து குட்டியைப் பறிகொடுத்தவர்கள் நிறைய.

அது பார்வோவாக இருக்கலாம். நாய்க்குட்டியின் குடலைத் தாக்கி உயிரைப் பறிக்கும் வைரஸ் அது. தொற்றிய 3 முதல் 7 நாளில்தான் பெரும்பாலும் அறிகுறி தெரியும். விற்ற இடத்திலேயே ஒட்டியிருந்தாலும் கைமாறும்போது குட்டி துள்ளிக்கொண்டுதான் இருக்கும். அவர் சொல்லும் மாத்திரை பல நேரம் மனிதர்களுக்கான லோபரமைடு. அது குடல் அசைவைத்தான் குறைக்கும், கிருமியைத் தொடாது. கோலி போன்ற இனங்களில் மரபணுக் குறைபாடுள்ள குட்டிக்கு அது மூளைவரை ஏறி நஞ்சாகும்.

"எல்லா ஊசியும் போட்டாச்சு" என்பது அடுத்த பொய். 45 நாள் வயதுக் குட்டிக்கு எல்லாத் தடுப்பூசியும் முடிந்திருக்கவே முடியாது. முதல் ஊசி 6–8 வாரத்தில். பிறகு 2–4 வாரத்துக்கு ஒன்றாக, குறைந்தது 16 வாரம் வரை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் ஊசியை வேலை செய்யவிடாது என்பதால்தான் இத்தனை முறை. தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், பேட்ச் எண், காலாவதித் தேதி, மருத்துவரின் கையெழுத்து, முத்திரை இருக்க வேண்டும். ஒரே பேனாவில் வரிசையாக எழுதிய தேதிகள் மட்டும் இருந்தால் அந்தக் குட்டியை வாங்காதீர்கள்.

உணவு மாறியதாலும் வயிறு இளகும், உண்மைதான். அப்போது குட்டி சாப்பிடும், விளையாடும். பழைய உணவையே சிறிது சிறிதாகப் பல வேளை கொடுத்து, 7–10 நாளில் கலந்து மாற்றுங்கள். பால் வேண்டாம். பட்டினி போடவே கூடாது, சிறு குட்டிக்கு ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். புழு, காக்சிடியா, ஜியார்டியா போன்ற குடல் ஒட்டுண்ணிகள் இருக்கிறதா என்று மலத்தைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.

வாந்தி, மலத்தில் ரத்தம், சுருண்டு படுத்தல், வெளிறிய ஈறு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனை. ஈறை விரலால் அழுத்தி விரலை எடுத்தால் 2 விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். பார்வோ சோதனை சுமார் 10 நிமிடம்தான். முதலில் நெகட்டிவ் வந்து அறிகுறி நீடித்தால் மறுபடி செய்யச் சொல்லுங்கள். முடிவைத் தேதியோடு எழுதி வாங்குங்கள், பணத்தைத் திருப்பிக் கேட்க அதுதான் பிடிமானம்.

"வேற குட்டி தர்றேன்" என்று சமாதானம் பேசுவார், ஏற்காதீர்கள். அதுவும் அதே கூண்டிலிருந்துதான் வரும். உங்கள் வீட்டிலும் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். சாதாரண கிருமிநாசினிக்கு அது சாகாது. தரையை முதலில் கழுவிவிட்டு, 1 பங்கு ப்ளீச்சை 30 பங்கு தண்ணீரில் கலந்து ஊற்றி 10 நிமிடம் ஈரமாக விட வேண்டும்.